நவம்பர் 25-க்குப் பேசச் சொல்கிறார்கள். யாரிடம் பேசுவது?

தூறல் (நவம்பர் 9, இரவு 10:14)

பெண்கள் மீதான வன்முறை ஒழிப்பு நாளுக்கு எங்கள் அலுவலகத்தில் இந்த வருடம் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அரை மணி நேரம். "விழிப்புணர்வு மாதிரி ஏதாவது" என்றார்கள், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

போன வருடம் எல்லோரும் அந்த நாளின் அடையாள நிறமான ஆரஞ்சில் உடுத்தி வந்தோம், குழுவாகப் படம் எடுத்துக்கொண்டோம். வெளியிலிருந்து வந்த ஒருவர் பெண்கள் எப்படித் தற்காத்துக்கொள்ள வேண்டும் என்று பேசினார். இருட்டில் தனியாகப் போகாதீர்கள், கைப்பையில் மிளகு ஸ்பிரே வைத்திருங்கள், இந்த மாதிரி. கைதட்டினோம்.

முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, கூட வேலை பார்த்த ஒருவர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "இருட்டில் போகாதே என்கிறார். எனக்கு வீட்டுக்குப் போகத்தான் பயம்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஐயோ, அப்படியா? எல்லாம் சரியாகிவிடும்." அவ்வளவுதான். அவர் சிரித்துவிட்டு இன்னொரு நாற்காலியை எடுத்தார். அதன் பிறகு என்னிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சில மாதங்களில் வேலையையும் விட்டுவிட்டார்.

ஒரு வருடமாக அந்த வாக்கியம் என்னைத் துரத்துகிறது. இந்த முறை மேடையில் நான் நிற்கப்போகிறேன். யாரிடம் பேசுவது, என்ன பேசுவது?


கணக்கன் (நவம்பர் 9, இரவு 11:02)

உங்கள் சக ஊழியர் ஒரே வரியில் சொன்னதைத்தான் புள்ளிவிவரமும் சொல்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பெண் வாழ்நாளில் ஒருமுறையாவது உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளாகியிருக்கிறார். அதில் பெரும்பகுதி கணவன் அல்லது துணைவனால் நடப்பது. கொலைக் கணக்கு இன்னும் கொடுமை. ஐ.நா.வின் மதிப்பீட்டில் 2023-ல் கொல்லப்பட்ட பெண்கள், சிறுமிகள் சுமார் 85,000 பேர். அதில் சுமார் 51,100 பேரைக் கொன்றது துணைவனோ குடும்பத்தாரோதான். நாளொன்றுக்கு 140 பேர்.

முன்பின் தெரியாதவனுக்காக ஸ்பிரே வைத்திருக்கச் சொல்கிறோம். ஆபத்தோ பெரும்பாலும் வீட்டுச் சாவி வைத்திருப்பவனிடமிருந்து வருகிறது.


வேப்பம்பூ (நவம்பர் 10, காலை 6:40)

தூறல், அந்தத் தேதி ஏன் அந்தத் தேதி என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போன வருடம் ஒருவர் பூங்கொத்துப் படத்தோடு "நல்வாழ்த்துகள்" அனுப்பினார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

டொமினிக்கன் குடியரசில் மிரபால் குடும்பத்தில் நான்கு சகோதரிகள். பாட்ரியா, மினர்வா, மரியா தெரேசா மூவரும் ட்ருஹியோவின் சர்வாதிகாரத்தை எதிர்த்து நின்றவர்கள். 1960 நவம்பர் 25 அன்று சிறையிலிருந்த கணவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் மூவரையும், அவர்களின் வண்டி ஓட்டுநரையும் மறித்து அடித்தே கொன்றார்கள். பிறகு உடல்களை வண்டியில் வைத்து மலைச்சரிவில் தள்ளிவிட்டு, விபத்து என்று அறிவித்தார்கள். யாரும் நம்பவில்லை. அடுத்த வருடம் மே மாதம் ட்ருஹியோவே சுட்டுக் கொல்லப்பட்டான். 1981-ல் போகோட்டாவில் கூடிய லத்தீன் அமெரிக்கப் பெண்ணியவாதிகள் அந்த நாளை எடுத்துக்கொண்டார்கள். ஐ.நா. பொதுச்சபை அதை ஏற்றது 1999-ல்.

என்னை உறுத்துவது அந்த "விபத்து" என்ற சொல். "படியில் வழுக்கிவிட்டேன்", "கதவில் இடித்துக்கொண்டேன்" என்று எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்! சர்வாதிகாரி சொன்ன பொய்யை இங்கே அடிபட்டவளே சொல்ல வேண்டியிருக்கிறது.


எதிர்வாதி (நவம்பர் 10, காலை 9:15)

கோபித்துக்கொள்ளாதீர்கள். அடிப்பது தப்பு என்று தெரியாதவன் எவன்? தெரிந்துதானே ஜன்னலைச் சாத்திவிட்டு அடிக்கிறான். தெரிந்தவனுக்கு என்ன விழிப்புணர்வு? ஆரஞ்சு உடை, மெழுகுவர்த்தி, உறுதிமொழி இதெல்லாம் நமக்கு நாமே செய்துகொள்கிற சமாதானம். சட்டம், தண்டனை, தங்குமிடம், பணம், இவற்றைப் பற்றிப் பேசுங்கள்.

இன்னொன்று, ஆண்களும் அடி வாங்குகிறார்கள். அதற்கு ஒரு நாள் உண்டா?


கணக்கன் (நவம்பர் 10, காலை 9:48)

இரண்டாவதற்கு முதலில். ஆண்களும் பாதிக்கப்படுகிறார்கள், அவர்களுக்கும் உதவி வேண்டும். யாரும் மறுக்கவில்லை. உலகில் கொலையாகிறவர்களில் பெரும்பான்மை ஆண்கள்தான். ஆனால் அவர்களில் துணையாலோ குடும்பத்தாலோ கொல்லப்படுகிறவர்கள் ஏறத்தாழ எட்டில் ஒருவர். பெண்களில் அது ஐந்தில் மூன்று. இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள். ஒன்றைப் பேசும்போது மற்றதை எடுத்து வாயை அடைக்க வேண்டாம்.

முதல் கேள்விக்கு என்னிடம் எண் இல்லை. யாராவது சொல்லுங்கள்.


இரவுப்பணி (நவம்பர் 10, இரவு 11:55)

பெண்களுக்கான உதவி எண் ஒன்றில் ஆறு வருடமாகத் தன்னார்வலராக இரவு நேரத்தில் போன் எடுக்கிறேன். எந்த ஊர், எந்த அமைப்பு என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதிர்வாதி சொல்வது பாதி சரி. அடிக்கிறவனுக்கு விழிப்புணர்வுக் கூட்டம் போட்டுப் பயனில்லை. அடிபடுகிறவளுக்கும் அது பெரிய செய்தி இல்லை, அவளுக்குத் தெரியாததா? நடுவில் இருக்கிறார்களே, அம்மா, அண்ணன், தோழி, மாடிவீட்டுக்காரர், கூட வேலை பார்ப்பவர், அவர்களுக்குத்தான் ஒன்றும் தெரிவதில்லை. எனக்கு போன் செய்பவர்களில் மிகப் பலர் அதற்கு முன்பே வேறு யாரிடமாவது சொல்லியிருப்பார்கள். நான் மூன்றாவது ஆளோ நான்காவது ஆளோ. முதல் ஆள் என்ன சொன்னார் என்பதை வார்த்தை மாறாமல் ஒப்பிப்பார்கள். "நீ என்ன செய்தாய்?" "அவரா? நம்பவே முடியவில்லையே." "குழந்தைகளுக்காகப் பொறுத்துக்கொள்." "அடிக்கிற கைதான் அணைக்கும்." பத்து வருடத்துக்கு முன் கேட்டதை நேற்றுக் கேட்டது போலச் சொல்வார்கள். அந்தப் பத்து வருடமும் அவர் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு அந்த ஒரு பதில் போதுமானதாக இருந்திருக்கிறது.

தூறல், உங்களைக் குத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. "எல்லாம் சரியாகிவிடும்" கெட்ட எண்ணத்தில் வருவதில்லை. ஆனால் கேட்பவருக்கு அது "இதற்கு மேல் சொல்லாதே" என்று விழுகிறது.

என்ன சொல்லலாம் என்றால், ரொம்பக் குறைவாக. "நீங்கள் சொல்வதை நம்புகிறேன். இது உங்கள் தப்பு இல்லை. இப்போது என்ன செய்தால் உங்களுக்கு உதவியாக இருக்கும்?" பிறகு வாயை மூடிக்கொண்டு கேட்பது. உடனே "விட்டுவிட்டு வா" என்று சொல்லிவிடாதீர்கள். அது எனக்கே பழக இரண்டு வருடம் ஆயிற்று. வீட்டை விட்டு வெளியேறுகிற சமயமும் அதையடுத்த வாரங்களும்தான் பல பெண்களுக்கு உயிருக்கே மிக ஆபத்தான காலம். பிடி நழுவுகிறது என்று அவனுக்குத் தெரிகிற நேரம் அது. அதனால்தான் போவதற்கு முன்பே திட்டம் வேண்டும் என்கிறோம். அடையாள அட்டை, வங்கிக் காகிதங்கள், குழந்தைகளின் சான்றிதழ்கள் எங்கே இருக்கின்றன. ஒரு செட் நகலை நம்பிக்கையான இடத்தில் கொடுத்து வைக்க முடியுமா. அவசரம் என்றால் தோழிக்கு அனுப்ப வேண்டிய ஒற்றைச் சொல் எது. போனில் இருப்பிடம் பகிரப்படுகிறதா, மின்னஞ்சல் கணக்கு அவனுடைய கருவியிலும் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது இப்போது முக்கியம். ஆனால் திடீரென்று எல்லாவற்றையும் அணைத்தால் அவனுக்குச் சந்தேகம் வரும். அதையும் யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

ஒன்றை மட்டும் யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "ஒரு தடவை கழுத்தை நெரித்தான், ஆனால் விட்டுவிட்டான்" என்று சொன்னால், என் கை உடனே மேற்பார்வையாளரைக் கூப்பிடப் போகும். வெளியே தடயமே இல்லாமல் இருக்கலாம், உள்ளே காயம் இருக்கும், பாதிப்பு சில நாள் கழித்துக்கூட வெளிப்படலாம். மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். அதைவிட, கழுத்தில் கைவைத்தவன் பின்னால் கொலை வரை போகும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம்.

அரை மணி நேரத்தில் இதில் பாதியைச் சொன்னால்கூடப் போதும்.


பழையசைக்கிள் (நவம்பர் 11, காலை 7:20)

இரவுப்பணி எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்த மாடிவீட்டுக்காரன் நான்தான்.

பல வருடம் முன்பு கீழ்வீட்டில் சத்தம் கேட்கும். நான் டி.வி. சத்தத்தைக் கூட்டுவேன். உண்மையாகவே அதைத்தான் செய்தேன். "அடுத்தவர் குடும்ப விஷயம்" என்று மனைவியிடம் விளக்கம் வேறு. ஒருநாள் என் மகள், அப்போது ஏழு வயது, "அப்பா, அந்த அத்தை அழும்போது மட்டும் ஏன் சத்தம் வைக்கிறீர்கள்?" என்றாள்.

அடுத்த முறை இறங்கிப் போய் மணியை அடித்தேன். என்ன சொல்வது என்று ஒரு யோசனையும் இல்லை. கதவைத் திறந்தவரிடம் ஸ்குரூ டிரைவர் இருக்கிறதா என்று கேட்டேன். முறைத்துவிட்டு எடுத்து வந்து கொடுத்தார். சத்தம் நின்றிருந்தது. அன்றைக்கு மட்டும்தான், நான் ஒன்றும் யாரையும் காப்பாற்றிவிடவில்லை. ஆனால் ஒரு வாரம் கழித்து மாடிப்படியில் அந்தப் பெண் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்புக்கு நான் தகுதியானவனா என்று இன்றுவரை தெரியாது.

2008-ல் இந்தியாவில் 'பெல் பஜாவ்', அதாவது மணியை அடியுங்கள் என்று ஒரு பிரச்சாரமே நடந்திருக்கிறது. சண்டைச் சத்தம் கேட்டால் போய் மணியடித்து ஏதாவது ஒன்றைக் கேள், வேறொன்றும் பேசவேண்டாம் என்பதுதான் அதன் விளம்பரங்கள். பிற்பாடுதான் பார்த்தேன்.


இரவுப்பணி (நவம்பர் 11, காலை 8:05)

நல்ல காரியம் செய்தீர்கள். ஒரு எச்சரிக்கை: உள்ளே ஆயுதம் இருக்கிறது என்றோ உயிருக்கு ஆபத்து என்றோ தோன்றினால் நீங்கள் போகாதீர்கள், போலீஸைக் கூப்பிடுங்கள். "அவள்தான் சொன்னாள்" என்று அவனிடம் எக்காரணம் கொண்டும் சொல்லாதீர்கள். நீங்கள் கிளம்பிய பிறகு கதவு சாத்தப்படும்.


நிலாமுற்றம் (நவம்பர் 11, பிற்பகல் 2:31)

இங்கே எழுதுவேன் என்று நினைக்கவில்லை.

விழிப்புணர்வுச் சுவரொட்டிகளில் எப்போதும் ஒரே படம்: கண் வீங்கிய பெண், அல்லது ஓங்கிய கை, மூலையில் ஒடுங்கிய நிழல். ஒன்பது வருடம் நான் அந்தப் படங்களைக் கடந்து போயிருக்கிறேன். ஒன்றுகூட எனக்கானது என்று தோன்றவில்லை. ஏனென்றால் அவர் என்னை அடித்ததே இல்லை.

என் சம்பளம் அவர் கணக்குக்குப் போகும். பேருந்துக் காசு எண்ணித் தருவார். அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு 35 நிமிடம். 40 ஆனால் போன் வரும், 45 ஆனால் அன்றிரவு தூக்கம் கிடையாது, விளக்கைப் போட்டு உட்கார வைத்து விடியும் வரை கேள்வி. என் தங்கையோடு பேசுவதை நானே நிறுத்தினேன், அவர் நிறுத்தச் சொல்லவில்லை. பேசிய பிறகு வரும் மூன்று நாள் மௌனத்தைத் தாங்க முடியாமல் நானே நிறுத்தினேன்.

இவான் ஸ்டார்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2007-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015-ல் இது தனிக் குற்றமாகவே சட்டத்தில் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் 'கோயர்சிவ் கன்ட்ரோல்', தமிழில் ஆதிக்கக் கட்டுப்பாடு என்று சொல்லலாம். எனக்கு அந்தப் பெயர் கிடைத்த நாளில் அழுதேன். ஒன்பது வருடமாக "நான் கொஞ்சம் அதிகமாக யோசிக்கிறேன்" என்று நினைத்திருந்த ஒன்றுக்குப் பெயர் இருக்கிறது.

தூறல், தயவுசெய்து அந்தக் கண் வீங்கிய படத்தை மட்டும் போடாதீர்கள்.


எதிர்வாதி (நவம்பர் 11, மாலை 6:10)

நிலாமுற்றம், எழுதியதற்கு நன்றி. இதற்கு எதிர்வாதம் எதுவும் இல்லை.

மற்றவர்களிடம் ஒரு கேள்வி, இது வம்புக்கு அல்ல. சுற்றியிருப்பவர்களிடம் பேசினால் வன்முறை குறைகிறது என்று எங்காவது அளந்து பார்த்திருக்கிறார்களா? நல்ல கதைகள் எனக்குப் போதாது.


கணக்கன் (நவம்பர் 11, இரவு 9:26)

அளந்திருக்கிறார்கள். உகாண்டாவின் கம்பாலாவில் 'ஸாஸா' என்ற திட்டம். சில பகுதிகளில் நடத்தி, சில பகுதிகளில் நடத்தாமல் ஒப்பிட்டார்கள். 2014-ல் முடிவுகள் வந்தன. திட்டம் நடந்த பகுதிகளில், அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் துணைவனால் உடல் வன்முறைக்கு ஆளான பெண்களின் விகிதம் மற்ற பகுதிகளைவிட 52 சதவீதம் குறைவாக இருந்தது. சிறிய ஆய்வுதான், எட்டே பகுதிகள், அதனால் 52 என்ற எண்ணைக் கல்வெட்டாக எடுக்க வேண்டாம். திசை மட்டும் தெளிவு.

எப்படிச் செய்தார்கள் என்பதுதான் சுவாரசியம். வெளியிலிருந்து பேச்சாளர் வரவில்லை. அதே தெருவில் வாழும் சாதாரண ஆண்களும் பெண்களும் பயிற்சி எடுத்து, நிற்கிற இடத்தில், உட்கார்கிற இடத்தில் பேசினார்கள். 'வன்முறை தப்பு' என்று ஆரம்பிக்கவில்லை. அதிகாரம் யார் கையில் இருக்கிறது, அதை வைத்து என்ன செய்கிறோம் என்று ஆரம்பித்தார்கள். வருடக்கணக்கில்.


எதிர்வாதி (நவம்பர் 11, இரவு 9:40)

வருடக்கணக்கில். அரை மணி நேரத்தில் ஆகாது என்ற என் பேச்சு நிற்கிறது, பார்த்தீர்களா. ஆனால் சரி, திருத்திக்கொள்கிறேன்: ஆகாதது விழிப்புணர்வு அல்ல, நாம் அதை நடத்துகிற லட்சணம்.


மட்டுறுத்துநர் (நவம்பர் 12, காலை 10:00)

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஒன்றில் ஒரு பெண்ணின் பெயரும் வேலை பார்க்கும் இடமும் இருந்தன. நல்ல எண்ணமாகவே இருக்கட்டும், அந்த விவரம் யார் கண்ணில் படக்கூடாதோ அவர் கண்ணிலும் படும். வீட்டில் எல்லோரும் எடுக்கிற போனில் இந்த இழையைப் படிப்பவர்கள் பார்த்த பக்கங்களின் பட்டியல் போனில் பதிவாகியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.


வேப்பம்பூ (நவம்பர் 12, காலை 11:17)

எதிர்வாதி நேற்று முன்தினம் "அடி வாங்குகிறார்கள்" என்று எழுதினார். நானும் அப்படித்தான் சொல்வேன், நம் எல்லோர் வாயிலும் அப்படித்தான் வரும். யோசித்துப் பாருங்கள். அடி வாங்கினாள், திட்டு வாங்கினாள், ஏதோ கடைக்குப் போய்ப் பையில் போட்டுக்கொண்டு வந்தது போல. அந்த வாக்கியத்தில் அவள் இருக்கிறாள், அடி இருக்கிறது, அடித்தவனைக் காணவே காணோம்! "குடும்பத் தகராறு" இன்னும் மோசம், அதில் அவளும் இல்லை. "கற்பழிப்பு" என்ற சொல்லை விட்டு "பாலியல் வன்கொடுமை" என்று எழுதப் பத்திரிகைகளுக்கு எத்தனை காலம் பிடித்தது! பழைய சொல்லில் அழிந்தது அவளுடைய ஏதோ ஒன்று. புதிய சொல்லில் கொடுமை செய்தவன் தலைகாட்டுகிறான்.

தூறல், கூட்டத்தில் ஒரே ஒரு பழக்கத்தைக் கேளுங்கள்: "அவள் அடி வாங்கினாள்" வேண்டாம், "அவன் அடித்தான்" என்று சொல்லிப் பழகட்டும்.


புதியவன்27 (நவம்பர் 12, இரவு 8:44)

முதல் பதிவு. அடிக்கிறவன் என் நெருங்கிய நண்பன் என்றால்? ரொம்ப நல்லவன், கோபம் வந்தால்தான்...


இரவுப்பணி (நவம்பர் 13, அதிகாலை 1:30)

கேட்டதே பெரிது. அந்தக் "கோபம் வந்தால்தான்" என்பதில் கொஞ்சம் நில்லுங்கள். மேலதிகாரி மேல் கோபம் வந்தால் அடிக்கிறானா? போக்குவரத்துக் காவலரை? அங்கே அடங்குகிற கோபம் வீட்டில் மட்டும் ஏன் அடங்கவில்லை? அவனுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. எங்கே விடலாம் என்ற கணக்கும் இருக்கிறது.

மத்தியஸ்தம் செய்யப் போகாதீர்கள். இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினால் அவள் பயத்தில் அவன் பக்கமே பேசுவாள். நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும், தனியாக, அவனிடம் சொல்லுங்கள். "அன்று நீ செய்ததைப் பார்த்தேன். அது எனக்குச் சரியில்லை. உனக்கு உதவி தேடு, நான் கூட வருகிறேன், ஆனால் மூடி மறைக்க மாட்டேன்." அதற்கும் முன்பு, இதனால் அவளுக்கு அன்றிரவு ஆபத்து கூடுமா என்று யோசியுங்கள். சந்தேகம் இருந்தால் முதலில் உங்கள் ஊர் உதவி எண்ணில் நீங்களே பேசுங்கள். நண்பர்களும் பேசலாம், பலருக்கு அது தெரிவதில்லை.

கனடாவில் 1989 டிசம்பர் 6 அன்று மான்ட்ரியல் பொறியியல் கல்லூரியில் ஒருவன் 14 பெண்களைச் சுட்டுக் கொன்றான். அதற்குப் பிறகு 1991-ல் ஆண்களே தொடங்கியதுதான் வெள்ளை ரிப்பன் இயக்கம். பெண்கள் மீதான வன்முறையைச் செய்யவும் மாட்டோம், பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் மாட்டோம் என்பது அவர்களின் உறுதிமொழி. முதல் பாதி பலருக்கு எளிது. உங்கள் கேள்வி இரண்டாம் பாதியைப் பற்றியது.


தூறல் (நவம்பர் 26, இரவு 9:50)

நேற்று முடிந்தது.

ஆரஞ்சு கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டேன், ஹெச்.ஆருக்குக் கொஞ்சம் வருத்தம். மிரபால் சகோதரிகளைப் பற்றி ஐந்து நிமிடம். பிறகு எல்லோருக்கும் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தேன். "கூட வேலை பார்ப்பவர் 'வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறது' என்கிறார். நீங்கள் சொல்லும் முதல் வாக்கியம் என்ன? பெயர் வேண்டாம்." வாங்கிக் கலைத்துப் படித்தேன். நாற்பத்து மூன்று சீட்டில் பதினொன்றில் "எல்லாம் சரியாகிவிடும்" என்றே இருந்தது. என் கதையைச் சொன்னேன். குரல் நடுங்கியது, பரவாயில்லை.

இரவுப்பணி சொன்ன மூன்று வாக்கியங்களைப் பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். "நம்புகிறேன்" என்று ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது இவ்வளவு கஷ்டம் என்று தெரியவில்லை என்றார் கணக்குப் பிரிவில் ஒருவர்.

கடைசி ஐந்து நிமிடம் நிர்வாகத்திடம் கேள்வி. வேலையிட வன்முறை பற்றி 2019-ல் வந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆம் உடன்படிக்கை, வீட்டு வன்முறை வேலையைப் பாதிப்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அதை வைத்துக் கேட்டேன்: நீதிமன்றத்துக்குப் போக விடுப்பு உண்டா? கணவன் வாசலில் வந்து நின்றால் காவலருக்கு என்ன உத்தரவு? சம்பளக் கணக்கை யாருக்கும் தெரியாமல் மாற்ற முடியுமா? (இது நிலாமுற்றம் தந்த கேள்வி.) எழுத்தில் பதில் தருகிறோம் என்றார்கள். விடமாட்டேன்.

ஒருவர் மட்டும் கூட்டம் முடிந்ததும் தன் சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு போனார். யார் என்று எழுதப்போவதில்லை.

இரவுப்பணி, ஒன்று கேட்க வேண்டும். போன வருடம் என்னிடம் சொன்னவரின் எண் இன்னும் இருக்கிறது. எழுதலாமா?


இரவுப்பணி (நவம்பர் 26, இரவு 11:12)

எழுதலாம். ஆனால் அந்த விஷயத்தை எழுதாதீர்கள், மன்னிப்பும் கேட்காதீர்கள். போன் அவர் கையில் இருக்கிறது என்று நிச்சயமில்லை. யார் படித்தாலும் சாதாரணமாகத் தெரிகிற ஒரு வரி போதும். பதில் வரவில்லை என்றால் ஒரு மாதம் கழித்து இன்னொரு வரி.


தூறல் (நவம்பர் 27, காலை 8:03)

"உங்கள் ஞாபகம் வந்தது, எப்படி இருக்கிறீர்கள்? ஒருநாள் பார்க்கலாமா?" என்று அனுப்பியிருக்கிறேன்.

இரண்டு டிக் விழுந்திருக்கிறது. இன்னும் நீலமாகவில்லை.